நுன்சியோ மேஸ்திரி பனிக்கூழ் நாடிச் சென்ற படலம்

கரணை ஏந்திய கரத்தோனே, சுண்ணாம்புத் தூள் படிந்த புருவத்தோனே, கத்தானியா நகரத்துக் கோணல் சுவர்களையெல்லாம் நூல்பிடித்து நிமிர்த்திய தூக்குக்குண்டுத் தோன்றலே, நுன்சியோ மேஸ்திரியே, உன் புகழ் பாடப் புகுந்தோம். பாடும் தொண்டை வறளாதிருக்க, புகைமுடி சூடிய எட்னா மலையே, நீ துணைநில்!

மேஸ்திரியின் குடலுக்குக் கோதுமையும் ஆகாது, பாலும் ஆகாது என்று மருத்துவர் ஆணையிட்ட அன்றே, அவன் மனைவி, பனிக்கூழுக்காகப் பிறந்த வீட்டையும் எழுதிக்கொடுக்கக்கூடிய அசுந்தா, "நீ திங்காத ஐஸ்கிரீம் எனக்கும் வேணாம். நீ வாய் வெச்ச அப்புறம்தான் நான் வாய் வெப்பேன்" என்று அண்டை மாடங்களெல்லாம் கேட்கச் சபதம் செய்துவிட்டாள். ஒரு கோடை கழிந்தது; மறு கோடையும் வந்தது. ஞாயிறுதோறும் கடற்கரைச் சாலையில் ஊரே நக்கிக்கொண்டு நடக்க, அவள் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்த காட்சி மேஸ்திரியின் நெஞ்சில் வேலாய்ப் பாய்ந்தது. இன்று அவளைத் தின்ன வைக்காமல் வீடு திரும்புவதில்லை என்று, இஸ்திரி போட்ட சட்டையே கவசமாக, மனைவியே சேனையாக, அவன் புறப்பட்டான்.

முதற்களம், மீன்சந்தை முனையில் தூரியின் கடை. வாதுமையும் எலுமிச்சையும் முசுக்கட்டையும் பாலறியாப் பனித்துருவலாய் அணிவகுத்து நின்றன. ஆனால் பனித்துருவலில் தொட்டுத் தின்னும் பன்னைப் பிய்த்துப் பிய்த்து ஊருக்கெல்லாம் நீட்டிய அதே விரல்களால் தூரி குவளையின் விளிம்பைத் துடைத்தான். துகள்கள் மழைக்கால ஈசலென உதிர்ந்தன. மேஸ்திரி கையெடுத்து மறுத்தான்.

"பன்னும் வேணாம், பாலும் வேணாம். அப்புறம் எதுக்கு மேஸ்திரி இங்க வந்தே? மருந்துக்கடை எதிர்த்தாப்ல இருக்கு!"

"உன் கடைப் பூச்சு உரிஞ்சு தொங்குதே, அதுக்கும் அங்கயே ஒரு களிம்பு வாங்கித் தடவு" என்று முழங்கி, வீரன் பின்வாங்கினான்.

இரண்டாம் களம், கோயில் சதுக்கத்துப் பளிங்குக் கடை. அங்கே ஒற்றைக் கரண்டி பிஸ்கட் கூழில் மூழ்கி, பால்கூழில் புரண்டு, கண்ணெதிரே எலுமிச்சைக்குள் இறங்கியது. "எங்கம்மா மேல சத்தியமா சுத்தம்!" என்றான் விற்பவன்.

"உங்கம்மாவ ஏன்டா இதுல இழுக்கிற?" என்றாள் அசுந்தா. சேனை நகர்ந்தது.

மூன்றாம் களம், ரயிலடிக்குப் பின்னால் தீனா அம்மாளின் சிறுகடை.

"என் தங்கச்சி மகளுக்கும் இதே வியாதிதான். உக்காருங்க, நான் பாத்துக்கறேன்!"

என்றவள் முழங்கைவரை கைகழுவி, வேறு மேலாடை கட்டி, கொதிநீர் கண்ட புதுக் கரண்டி ஏந்தி, மூடி திறவாத கடைசி எலுமிச்சைச் சிறுபெட்டியை வேள்விப் பொருள்போல் எடுத்துவந்து, அதிலிருந்த அனைத்தையும் ஒரே கிண்ணத்தில் குவிக்க, எட்னாவுக்கு இளைய தங்கையென வெண்சிகரமொன்று எழுந்தது. மேஸ்திரியின் கண்கள் பனித்தன. அசுந்தா எச்சில் விழுங்கினாள்.

அந்தோ! வெறுங்கிண்ணத்தை விருந்தினர் கையில் கொடுத்தறியாத அந்தக் கை, பெரிய மனதோடு பக்கத்து டப்பாவுக்குள் தானாகவே புகுந்து, கோதுமை மாவில் சுட்ட வேஃபர் பிஸ்கட் ஒன்றை எடுத்து, வெண்சிகரத்தின் உச்சியில் வெற்றிக்கொடியாய் நாட்டியது.

"ஐயையோ!" தீனா அம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பாழாப்போன கைப்பழக்கம்! இனிமே நாளைக்குத்தான் சரக்கு வரும்."

வெயிலில் சிகரம் கசியத் தொடங்கியது.

"சாப்புடு, உருகுது" என்றான் மேஸ்திரி.

"நீ வாய் வெக்கலையே."

"கண்ணால முழுசும் தின்னுட்டேன். போதும்."

அப்போது, எட்னா புகையடக்கிப் பார்த்திருக்க, கடற்காற்றும் கால் தயங்கி நிற்க, இரு கோடை காத்த சபதம் ஒருபுறமும் ஒழுகும் எலுமிச்சைச் சிகரம் மறுபுறமும் நின்று அவள் உள்ளத்தை இரு யானைகளென இழுக்க, கற்பரசி, சொல் தவறாச் செல்வி, மாடங்கள் கேட்கச் சூளுரைத்த மாதரசி அசுந்தா, கணவனின் முகத்தை ஒருமுறையும் கிண்ணத்தை ஒருமுறையும் நோக்கி, நெடுமூச்செறிந்து கை நீட்டினாள்.

முதலில் பிஸ்கட்டைத் தின்றாள்.