பெண் பார்க்க வந்த டீசல் பஸ்

பெண் பார்க்க வரும்போது பெண்ணானவள் பாடலாம், காபி கொடுக்கலாம், தரையைப் பார்க்கலாம். எஞ்சினைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. பஸ்களில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்திக்கொண்டிருந்த காலம். திருச்சியில் ஒரு பட்டறையில் அந்த வேலை பார்த்த மாப்பிள்ளை, புது எஞ்சின் பூட்டிய பஸ்ஸிலேயே பெற்றோருடன் காலையில் வந்து இறங்கினார் (வெள்ளோட்டமும் ஆச்சு, பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு). ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் சாலையில், எங்கள் வாசலில் அது உறுமிக்கொண்டே நின்றது. வீட்டுக்குள் தம்ளர்கள் ஆடின. பேட்டரி சரியில்லையாம், அணைத்தால் திரும்பக் கிளம்பாதாம்.

மாப்பிள்ளையின் அம்மா என்னிடம், ஏதாவது கேட்க வேண்டுமானால் கேட்கலாம் என்றார். மரியாதைக்குச் சொன்னது. நான் கேட்டே விட்டேன்.

"இதுல ஸ்பார்க் பிளக்கே கிடையாதாமே. அப்புறம் எப்படிங்க எரியுது?"

அப்பாவுக்குப் புரையேறியது. மாப்பிள்ளையின் முகமோ மலர்ந்துவிட்டது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடுமே, அதே கதைதான் என்றார். காற்றை நெருக்க நெருக்கச் சூடேறும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். நான் சொக்கிப்போனேன் (மனிதரிடமா, எஞ்சினிடமா என்று இன்றுவரை தெரியாது). காட்டுகிறேன் என்று அவர் எழுந்தார். பஜ்ஜியும் கையுமாக இரண்டு குடும்பமும் பின்னால் வந்தது.

டிரைவர் சீட்டருகே ஒரு குமிழ். "இது எதுக்குங்க?" என்று கேட்டுக்கொண்டே இழுத்துவிட்டேன். எனக்கு வாயும் கையும் ஒன்றாகத்தான் கேட்கும்.

அது எஞ்சினை அணைக்கிற குமிழ்.

"நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல வண்டி நின்னுபோச்சே" என்று அவருடைய அம்மா முணுமுணுத்தார். சம்பந்தம் போயிற்று என்று என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்கிற இன்னொருவருக்கு நான் எங்கே போவேன்?

தள்ளுவதுதான் வழி. காவிரியில் குளித்துவிட்டு வந்தவர்கள் ஈர வேட்டியோடு கைகொடுத்தார்கள். நானும் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினேன். எஞ்சின் ஒருவழியாகப் பிடித்துக்கொண்டு, என் முகத்தில் கரும்புகையைக் கக்கியது. மறுபடி நின்றுவிடுமோ என்ற பயத்தில், ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை பஸ்ஸை நிறுத்தவே இல்லை. பெற்றோர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். அப்பா ஜன்னலோரம் கூடவே ஓடி, முடிவு என்ன என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"எங்களுக்குச் சம்மதங்க. கல்யாணம் வரைக்கும் வேற எதையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க" என்று ஓட்டிக்கொண்டே கத்தினார் மாப்பிள்ளை.

இன்றும் நான் "இது எதுக்குங்க?" என்று ஆரம்பித்தால், பதில் சொல்வதற்கு முன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார். பார்க்கிறவர்கள் அன்யோன்யம் என்று நினைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் மட்டும் சிரிப்பார்கள்.