ஐந்து நன்றிக்கு முடிந்த பேரம்

நீதான்யா பண்ணினது. உன் பேரை இங்கே எழுதப்போவதில்லை; எழுதினால் அதையும் பாராட்டென்று நினைத்துக்கொள்வாய். ராசிபுரம் பக்கத்துக் கோழித்தீவனக் கம்பெனியை விட்டுப் போன வருஷம் போனாயே, பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கக் கூடாதா? வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பத்தியொரு வரி எழுதினாய். "இது கம்பெனி அல்ல, என் இரண்டாவது கருவறை" என்றாய். எம்.டி.யைத் தந்தை என்றாய். அதை எழுதும்போது புது வேலைக்கான ஆர்டர் உன் சட்டைப்பையில் இருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பரமத்தி வேலூரில் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய், கருவறையிலிருந்து நேராக.

எம்.டி. கண் கலங்கி, உன் நாற்பத்தியொரு வரியை பிரேம் போட்டு வாசலில் மாட்டினார். பின்னாலேயே உத்தரவு வந்தது. பணியிலிருந்து விலகுவோர் மேற்படி செய்தியை மாதிரியாகக் கொண்டு பிரிவுச் செய்தி சமர்ப்பிக்க வேண்டியது. அது போதிய வருத்தமுடையது என எச்.ஆர். சான்றளித்த பின்னரே ரிலீவிங் லெட்டர் வழங்கப்படும்.

இதில் மாட்டியவள் என் அக்கா மகள் அறிவுச்செல்வி. குடியிருப்பது அதே பரமத்தி வேலூர். ஒன்பது வருஷமாக ராசிபுரம் கம்பெனிக்குப் போக ரெண்டு பஸ், வர ரெண்டு பஸ். இப்போது வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், நீ உட்கார்ந்திருக்கிற அதே கம்பெனியில், வேலை கிடைத்தது. திங்கட்கிழமை ரிலீவிங் லெட்டரோடு வராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு என்று கடிதம் போட்டாய். கையெழுத்து உன்னுடையதேதான்.

அவள் எழுதிக் கொடுத்த பிரிவுச் செய்தி இது: "நாளை முதல் வர மாட்டேன். பீரோ சாவி இரண்டாவது டிராயரில் இருக்கிறது. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் பின்பக்க மூடியைத் திறக்கவும். நன்றி."

அந்த ஆபீசில் யாருக்காவது உபயோகப்படும்படி எழுதப்பட்ட ஒரே பிரிவுச் செய்தி அதுதான். "வருத்தம் காணப்படவில்லை" என்று மூன்று தடவை திருப்பிவிட்டார்கள்.

"மாமா, எனக்கு அழுகையே வர மாட்டேங்குதுங்க," என்று வந்து நின்றாள்.

"உனக்கு எதுக்கு சாமி வரோணும்? நான் வாரேன், பேசிக்கலாம்."

நான் புதன்சந்தையில் மாட்டுத் தரகன். பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்வேன். என் படிப்பு அவ்வளவுதான். சனிக்கிழமை அவளோடு போனேன். எச்.ஆர். என்று கௌசிக் என்கிற தம்பி உட்கார்ந்திருந்தது.

"பாலிசிங்க ஐயா. நன்றி எட்டு இருக்கோணும். எம்.டி. சார் பேரு மூணு இடத்துல வரோணும். குடும்பம்னு ஒரு வார்த்தை. கண்ணீர் கட்டாயம்."

"எட்டு நன்றியா? ஒம்பது வருசத்துல நீங்க இவளுக்கு எத்தனை சொன்னீங்க?"

"அது பாலிசில இல்லீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையையே தூக்கியிருப்பேன். செல்வி முகத்தைப் பார்த்து அடங்கினேன். தோளில் கிடந்த துண்டை மேஜைமேல் விரித்தேன்.

"கையை உள்ள உடு தம்பி."

"எதுக்குங்க?"

"வெலையை வெளியில பேசற பழக்கம் எனக்கில்ல."

விட்டான். சந்தையில் துண்டுக்குள் பிடிக்கிற விரலின் எண்ணிக்கைதான் விலை; நான் அவன் விரலில் ஒன்றைப் பிடித்தேன். எட்டைச் சொல்ல ஒரு கை போதாமல் அவன் இன்னொரு கையையும் நுழைத்தான். இழுத்துப் பிடித்து ஐந்து நன்றிக்கு வந்தோம். எம்.டி. பேர் ஒரு தடவை. குடும்பத்தில்தான் தகராறு.

"குடும்பம்னு எழுத முடியாது. பங்காளின்னு போட்டுக்க."

"பங்காளின்னா சண்டைன்னு அர்த்தமாயிருமுங்க. ஒண்ணுவிட்ட குடும்பம்னாவது போடுங்க."

"சரி. கண்ணீர்?"

"ஒரே ஒரு சொட்டுங்க ஐயா. எனக்கும் மேல பதில் சொல்லோணும்."

"வந்த கண்ணீர் கெடையாது. வரப்பார்த்த கண்ணீர். முடிச்சுக்க."

முடித்தான். எம்.டி. கையெழுத்துப் போட்டதும் லெட்டர் தருவதாகச் சொன்னான். மத்தியானம் செய்தி குரூப்பில் ஏறியது. சாயங்காலத்துக்குள் நூற்றுப்பன்னிரண்டு பதில். ஈடுசெய்ய இயலாத இழப்பு என்றார்கள், உங்கள் இருக்கை காலியாகவே இருக்கும் என்றார்கள். ஒருத்தர் அவள் பேரையே மாற்றி, "தேவிப்ரியா மேடம், உங்களை ஒருநாளும் மறக்க மாட்டோம்" என்று போட்டிருந்தார். இழவு வீட்டில்கூட இவ்வளவு பேர் அழுது நான் பார்த்ததில்லை. அதே நேரம் அவள் நம்பருக்குத் தனியாகப் பதினேழு மெசேஜ். எல்லாம் ஒரே கேள்வி: "அக்கா, அங்க இன்னும் ஆள் எடுக்கறாங்களா?" பதினேழாவது கௌசிக்.

சிரித்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை, எம்.டி.யே போன் பண்ணினார்.

"படிச்சேன் கண்ணு. அஞ்சு எடத்துல நன்றி சொல்லியிருக்கற. இவ்வளவு பாசம் வெச்சிருக்கற புள்ளையை வெளிய அனுப்புனா நான் மனுசனா? உன் ராஜினாமாவைக் கிழிச்சுப்போட்டேன். நாளைக்கு வந்துரு."

"சார், என்ற லெட்டரு..."

"லெட்டர் எதுக்கு கண்ணு, நீ எங்கயும் போகலையே? உன்ற மெசேஜையும் பிரேம் போடச் சொல்லிட்டேன்."

வைத்துவிட்டார். செல்வி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. முப்பது வருஷம் சந்தையில் நின்றவன் நான். ஓட்டிக்கொண்டு வந்த மாட்டைத் தரகன் அதிகமாகப் புகழ்ந்தால், விற்க வந்தவனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவான். இது தெரிந்தும் ஐந்துக்கு முடித்தேன். ஒரே நன்றியில் பிடிவாதமாக நின்றிருந்தால் திமிர் பிடித்தவள் என்று திட்டியாவது அனுப்பியிருப்பார்கள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள் உன் கம்பெனி கேட்டில் நிற்பாள். பக்கத்தில் நானும் நிற்பேன். லெட்டர் இருக்காது. ஏன் இருக்காதென்று உனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஜில்லாவில் வேறு யாருக்கும் தெரியாது. பாலிசி, கிலிசி என்று வாயைத் திறக்காதே. லெட்டர் இல்லாமல் அவளை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடு. அது ஆகாதென்றால் அங்கேயே, என் கண் முன்னால், ராசிபுரத்துக்கு போன் போட்டு, அந்த நாற்பத்தியொரு வரியில் ஒன்றுகூட நிஜமில்லை என்று உன் தந்தையிடம் சொல்லு. சொல்லிவிட்டு அவள் லெட்டரை நீயே வாங்கிக் கொடு.