வெடிக்காரர் வைத்த ஜெபம்

ஒரு ரகசியம் வெளியே போய்விடக் கூடாதென்று, ஊவா மாகாணத்திலேயே பெரிய தொண்டை வைத்திருந்த மனிதரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன புத்திசாலி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் கணக்கு இதுதான்: அவருக்குக் காது கேட்காது. ஆகவே டாக்டர் சொல்வது அவருக்குத் தெரியாது. தெரியாததை வெளியே சொல்ல முடியாது. தர்க்க சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவனுக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

அவரை எல்லாரும் வெடிக்காரர் என்றுதான் அழைத்தோம். எல்ல என்கிற ஊர்ப் பக்கம் ரயில் பாதைக்காக மலையைக் குடைந்தபோது, பாறையில் மருந்து வைத்துத் திரி கொளுத்தியவர். மலை திறந்தது, அவருடைய காது அடைத்துப்போயிற்று. அப்புறம் பதுளையில் ரயில் வேலைச் சாமான்கள் கிடந்த ஸ்டோரில் அவரைக் காவலுக்குப் போட்டார்கள். அங்கே கணக்கெழுதும் கிளாக்கர் நான்.

ஆண்டவருக்கும் காது சற்று மந்தம் என்று நம்பிய ஒரே கிறிஸ்தவர் உலகத்தில் அவர்தான். "அம்புட்டு ஒசரத்துல இருக்காருங்கய்யா. கீழ நின்னு முணுமுணுத்தா கேக்குமா?" என்பார். ஜெபம் சொல்லுமுன் சுரங்கத்துப் பழக்கத்தில் "வெலகு! வெலகு!" என்று ஓர் அதட்டல். சொல்லி முடித்ததும் இரண்டு விரல்களையும் காதில் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக் குந்திவிடுவார். திரி கொளுத்தியாயிற்று, இனி வெடிக்க வேண்டியதுதான் பாக்கி என்பது மாதிரி.

என் நோய் என்னவென்று இனி மறைத்து ஆவதொன்றுமில்லை. மூலம். வாசகசாலையில் பிரார்த்தனையைக் கிண்டல் செய்து பிரசங்கம் பண்ணிக் கைதட்டு வாங்கிய மனிதனுக்கு, மூளைக் காய்ச்சல் மாதிரி கௌரவமாக ஒரு நோய் வரக் கூடாதா? பண்டாரவளையில் சித்தப்பாவுக்குச் சுகமில்லை என்று லீவு கேட்டேன். எனக்குச் சித்தப்பாவே கிடையாது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பூவை வைப்பதுபோல மெல்லப் பேசுவார். வெடிக்காரரைப் பார்த்து, "இவருக்கு மூலம். வெட்டித்தான் எடுக்க வேணும். ஆராவது பக்கத்தில நிக்க வேணும்" என்றார்.

"என்னாங்கய்யா?"

டாக்டர் குரலை உயர்த்தினார்.

"கேக்கலீங்கய்யா!"

டாக்டர் எழுந்து நின்று, கைகளை வாயருகே குவித்துக்கொண்டார். அந்த மூன்றாவது "மூலம்" வார்டைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டி, வாசலில் வடை விற்றுக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றது. "அடப் பாவமே, ஒக்கார முடியாதே!" என்று அவள் அங்கிருந்தே பதில் கொடுத்தாள்.

குளோரோபாரம் தெளிந்து நான் கண் விழித்தது ஒரு முழக்கத்தில்.

"வெலகு! வெலகு! ஆண்டவரே, நம்ம ஸ்டோர் கிளாக்கரையா இங்க படுத்திருக்காரு! சன்னலோரக் கட்டிலு! வெட்டின எடம் ஒக்கார்ற எடம்! தப்பா முதுகப் பாத்துட்டுப் போயிராதீங்க!"

வார்டு முழுக்க "ஆமென்" என்றது. பக்கத்துக் கட்டிலில் காலுடைந்து கிடந்த துணி வியாபாரி ஒரு முஸ்லிம்; அவரும் சொன்னார்.

மறுநாளிலிருந்து சனம் வரத் தொடங்கியது. கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த முதலாளி, கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்து திருநீறு கொண்டுவந்தார். "என்ன சீக்குன்னு குருக்கள் கேட்டாருங்க. சாமி சன்னிதியில பொய் சொல்லலாமா? பட்டுனு சொல்லிட்டேன்" என்றார். நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து, வெடிக்காரரோடு சுரங்கத்தில் கிடந்தவர்கள் குடும்பத்தோடு மலையிறங்கி வந்தார்கள். ஆளுக்கொரு தலையணை. இலவம்பஞ்சில் ஒன்று, பழந்துணியில் ஒன்று, வைக்கோலில் ஒன்று. கட்டிலில் எனக்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தூங்குவதுபோல நடித்தேன். கொழுந்து பறித்துக் கறுத்துப்போன விரல்கள் என் நெற்றியைத் தொட்டன. "எழுப்பாதீங்க, நோவுல அசந்து தூங்குறாரு" என்றது ஒரு பெண்குரல். "மாரியாத்தா, இந்தப் புள்ளைய நல்லபடியா ஒக்கார வையி தாயே."

அதற்குப் பதிலாக நான் ஒரு குறட்டை விட்டேன். எத்தனையோ அசட்டுக் காரியங்கள் செய்திருக்கிறேன்; அந்தக் குறட்டையை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அப்புறம் காய்ச்சல் வந்தது. வந்தது இறங்கவில்லை. டாக்டர் கட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கு. பாப்பம்" என்றார். அந்தப் "பாப்பம்" எனக்குப் பிடிக்கவில்லை. படித்த புத்தகங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் கட்டில் பக்கம் வரவில்லை.

வெடிக்காரர் கீழே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, சத்தமில்லை. இந்த மனிதரே குரலைத் தாழ்த்திவிட்டார் என்றால் என் கதை முடிந்தது என்றுதானே அர்த்தம்?

"வெடிக்காரரே, எனக்காகச் சத்தமா வேண்டிக்குங்க" என்றேன்.

"என்னாங்கய்யா?"

"சத்தமா வேண்டிக்குங்க!"

"கேக்கலீங்க!"

உடம்பிலிருந்த மூச்சையெல்லாம் திரட்டினேன். "நான் செத்துப்போயிருவேன் போலிருக்குய்யா! ஆண்டவர்கிட்ட சொல்லுங்க! எடத்தையும் சேத்துச் சொல்லுங்க!"

வார்டில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பியிருந்தன. வாசகசாலையில் எனக்குக் கைதட்டிய ஆசாமி ஒருவர், யாரையோ பார்க்க வந்த இடத்தில், வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வெடிக்காரர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூரைத் தகரம் அதிர ஒரு ஜெபம் வைத்தார். வைத்துவிட்டுக் காதைப் பொத்திக் குந்தினார். பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் தம் தம் சாமியைக் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன், எந்தச் சாமியென்று நிச்சயமில்லாமல்.

அன்றைக்கே காய்ச்சல் இறங்கிற்று. "நீர் போட்ட கூச்சலில கட்டி தானா உடைஞ்சு போச்சு" என்றார் டாக்டர். "அவருக்குக் கேட்டுருச்சு" என்றார் வெடிக்காரர், மேலே காட்டி. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அதற்கப்புறம் வாசகசாலையில் பிரசங்கமும் செய்யவில்லை.

நடமாட முடிந்ததும், நேராகக் கடைத்தெருவுக்குப் போனேன். வெடிக்காரர், முதலாளி, சாமான் வாங்க வந்திருந்த தோட்டத்து ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். வெட்கத்தை விட்டு, உரத்த குரலில், "மன்னிச்சுக்குங்க. உங்ககிட்டயெல்லாம் இதை மறைச்சுட்டேன்" என்றேன்.

வெடிக்காரர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"என்னாத்தங்கய்யா மறைச்சீங்க? வருசக்கணக்கா நின்னுக்கிட்டேதான கணக்கெழுதுறீங்க? ஒங்களுக்கு மூலம்னு பதுளைக்கே தெரியும். டாக்டரு வேற புதுசா என்னமோ சொல்றாரோன்னுதான் நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒங்க மூஞ்சி வாடிப்போயிருமேன்னு இத்தன நாளும் யாரும் வாயத் தெறக்கல."

கடையிலிருந்தவர்கள் தலையாட்டினார்கள். முதலாளி பெருமூச்சு விட்டார்.

"நோவு ஒங்களுக்குத்தாங்க. தெரியாத மாதிரி நடிச்சு நடிச்சு, நாங்கதான் செத்துப்போனோம்."