பிரேக்கில் ஊற்றிய தேங்காயெண்ணெய்

கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டும்போதுதான் அந்த விபரீத யோசனை எனக்குத் தோன்றியது. எவ்வளவு அழுத்தி பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி ஏதோ கருவி கண்டுபிடித்திருக்கிறார்களாம். எங்கள் மாமாவின் பழைய காரில் பிரேக் போட்டால் ஒரு சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்ளும். கார் பக்கத்து வயலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நிற்கும். எங்கள் ஊர் எருத்தேன்பதியில் அந்த வியாதியைத் தீர்க்கப் பிறந்தவன் நான்தான் என்று அன்றே முடிவு கட்டினேன்.

அப்போது அண்ணனுக்கு மூணாற்றில் பெண் அமைந்திருந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பிறக்குமுன் அங்கே போய் உப்புச்சக்கரை மாற்றிக்கொள்ள வேண்டும். (எங்கள் பக்கம் உப்பும் சர்க்கரையும் கைமாறிவிட்டால் பேச்சு உறுதி. நேரம் தவறினால் சகுனம் சரியில்லை என்று பெண் வீட்டார் விலகிவிடலாம்.) அப்பா இல்லாத வீடு, முன்நின்று நடத்துவது மாமாதான்.

வியாழக்கிழமை சக்கரங்களைக் கழற்றித் துடைத்து, குழாயிலிருந்த பழைய பிரேக் ஆயிலை வடித்தேன். புதிதை ஊற்றினால், கால்வாசியில் டப்பா காலி. இன்னொன்று வாங்கப் பொள்ளாச்சிக்கு ஓடவேண்டும். எண்ணெய்தானே? சொந்தத் தோப்புக் காயை ஆட்டியது வீட்டில் ஒரு டின் இருந்தது. ஊற்றினேன். கார் நேராக, அழகாக நின்றது.

"மாப்ள, நீ எஞ்சினியரேதான் போ!" என்றார் மாமா. (நான் மறுக்கவில்லை.)

விடியுமுன் மாமா, அண்ணன், நான் மூவரும் கிளம்பினோம். மறையூர் தாண்டியதும் குளிரில் பல் கிட்டியது. ஏற்றத்தில் ஒரு டீக்கடை. கை பிரேக் என்றோ செத்துவிட்டதால், அவர்கள் டீ குடித்து முடிக்கும்வரை நான் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு காலை எடுத்தேன். பிரேக் விடவில்லை. ஒன்றல்ல, நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டன!

பிரேக் குழாயின் திருகாணியைத் தளர்த்தினால் வெள்ளை வெளேரென்று வெண்ணெய் மாதிரி எட்டிப் பார்த்தது.

"என்னத்தடா ஊத்துன?" என்றான் அண்ணன்.

"நம்ம ஊட்டுத் தேங்காயெண்ணெய்ங்ண்ணா. குளுருக்கு ஒறஞ்சு போச்சு..."

பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையே டீக்கடை வெந்நீரைச் சொம்பு சொம்பாகச் சக்கரத்தில் ஊற்றினான். மாமா கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறி முறைத்தார். பத்தேகால். அப்போது எங்களைத் தேடி எஸ்டேட் ஜீப்பில் பெண்ணின் அப்பாவே வந்து இறங்கினார். காற்றில் வந்த எண்ணெய் வாசத்தை மோந்து பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, காருக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டறீங்களா?"

அண்ணன் முகம் செத்துப்போனது. நான் காருக்கு அடியிலேயே குடியேறிவிடலாமா என்று யோசித்தேன்.

"செத்த நேரத்துல ராகுகாலம் வந்துருமுங்க. ஊட்டுக்குப் போக நேரமில்லை," என்றவர் கடைப்பக்கம் திரும்பினார். "ஏப்பா, உப்பு இருக்குதா? சக்கரை?"

அவ்வளவுதான். டீக்கடை பெஞ்சிலேயே மாற்றிக்கொண்டோம்.

அண்ணி வந்து மூன்று வருஷமாகிறது. நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம், "தம்பி, தலைக்குத்தானுங்களே?" என்று கேட்காமல் விடுவதில்லை.

அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. மாமாவின் கார்தான் போகிறது. அன்று டீ குடிக்காமல் போனவன் நான் ஒருவன்தான். ஆகவே இந்த முறை கை பிரேக்கைக் கழற்றிச் சரிசெய்யப்போகிறேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.