இமை தூக்கிய படலம்

மனித குலத்தை முன்னே தள்ளியவை நெருப்பு, சக்கரம், எழுத்து என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான்காவதாக எங்கள் மேலாளரைச் சேர்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. ஓர் ஊழியரின் மூளை எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதை அவருடைய இமை நிற்கும் உயரத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்று கண்டுபிடித்தவர் அவர்.

ஆபத்தைத் தவிர்ப்பது எப்படி என்று மற்ற நிறுவனங்களுக்குப் பாடம் எடுப்பதுதான் எங்கள் நிறுவனத்தின் தொழில். பயிற்சி நடத்துவோம், எச்சரிக்கைப் பலகை அச்சடித்து விற்போம். 'கவனம் சிதறினால் காலம் சிதறும்' என்பது மேலாளரே இயற்றிய வாசகம். பொருள் கேட்கக் கூடாது. ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் அவர். தரைத்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நான். கட்டடப் பராமரிப்பு என் பொறுப்பு.

எனக்கு நாற்பதைத் தாண்டியதுமே மேலிமைகள் இரண்டும் பாதி இறக்கிய கடை ஷட்டராகிவிட்டன. எதிரில் இருப்பவரைப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும். தூக்கினால் திமிர் என்பார்கள், தூக்காவிட்டால் தூக்கம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோணத்தைப் பிடித்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "சார், லிஃப்ட்டோட இரும்புக் கயித்துல இழையெல்லாம் அறுந்து நிக்குது. உடனே நிறுத்தணும்."

மேலாளர் என் இமைகளைக் கருணையோடு பார்த்தார். "நீங்க தூங்கி எழுந்து சொல்றீங்களா, தூங்கிக்கிட்டே சொல்றீங்களா?"

கூட்டம் சிரித்தது. தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தேநீர் வண்டியோடு அந்த லிஃப்ட்டில் நாள் முழுக்க ஏறி இறங்குவது அவர்தான்.

"மொதல்ல கண்ண சரி பண்ணிட்டு வாங்க. அப்புறம் கயிறப் பார்ப்போம்" என்றார் மேலாளர். 'பராமரிப்பாளரின் இமை குறித்து ஆழ்ந்து விவாதிக்கப்பட்டது' என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. லிஃப்ட்டை நிறுத்தும் சாவி அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. 'ஏறாதீர்கள்' என்று நானே எழுதி ஒட்டிய தாளை, வாடிக்கையாளர் வரும் இடத்தில் அபசகுனம் என்று கிழிக்கச் சொல்லிவிட்டார். அக்காவிடம், "இதுல ஏறாதீங்க அக்கா" என்று காதோடு சொல்லிவிட்டுக் கண் மருத்துவரிடம் போனேன்.

மருத்துவர் மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, ஓரங்களில் மின்னும் புள்ளிகள் தெரிகின்றனவா என்று சோதித்தார். மேல்பக்கப் புள்ளி ஒன்றுகூடத் தெரியவில்லை. "தசை தளர்ந்திருக்கு. மேல இருக்கிற தோலைக் கொஞ்சம் எடுத்துட்டு, தசையை இழுத்துத் தைக்கணும். மரத்துப்போக ஊசி மட்டும்தான். நீங்க முழிச்சுக்கிட்டேதான் இருப்பீங்க."

நான் விழித்திருக்கிறேன் என்பதை ஒரு படித்தவர் ஒப்புக்கொண்டது அதுவே முதல்முறை. கண் கலங்கிவிட்டது. அது இமை அழுத்தத்தால் வரும் நீர் என்றார் அவர்.

அறுவை சிகிச்சையில் வலி இல்லை. இமையில் பேனாவால் கோடு போட்டார்கள். எங்கோ துணி தைப்பது போல இழுபட்டது. நடுவில் "மேல பாருங்க, கீழ பாருங்க" என்று அளவு பார்த்தார்கள். வலியெல்லாம் வீட்டில்தான். ஐஸ் ஒத்தடம், குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணைக் கசக்கவே கூடாது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் படுக்க வேண்டும். களிம்பு போட்டால் உலகமே புகைமூட்டம். வீக்கம் கத்தரிக்காய் நிறத்தில் கன்னம் வரை இறங்கியது.

பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் என்னை விட்டுவிட்டு என் மனைவியையே பார்த்தார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணலங்க. ஆஸ்பத்திரியில பண்ணினது" என்று அவள் வாசலிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று.

"அதான, நீ அடிச்சிருந்தா ஒரு கண்ணு தப்பிச்சிருக்குமே" என்று ஆறுதல் சொன்னார் மச்சான்.

தையல் பிரித்த பிறகும் கண் முழுதாக மூடவில்லை. புது இமை படிய நாளாகும், அதுவரை சொட்டு மருந்து விட்டுக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். நான் தூங்கும்போது கீற்றாகக் கண் திறந்திருப்பதைப் பார்த்துப் பயந்த மனைவி, போர்வையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. லிஃப்ட் நினைவுதான். விடுப்பு முடியும்வரை காத்திருக்காமல் அலுவலகத்துக்கு ஓடினேன். கயிற்றைப் பார்த்தேன். அறுந்த இழைகள் கூடியிருந்தன.

கூட்டத்தில் எழுந்தேன். "சார், கண்ணு சரியாயிடுச்சு. கயிறு இன்னும் மோசமாயிருக்கு. இன்னிக்கே நிறுத்தணும்."

மேலாளர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். "என்னய்யா இது, பேயைப் பாத்த மாதிரி முழிக்கிறீங்க? இந்த முழிய வச்சுக்கிட்டு நீங்க சாப்பாடு ரெடின்னு சொன்னாக்கூட எழுந்து ஓடத் தோணும். வீக்கம் வடியட்டும். நிதானமா ஒரு நாள் வந்து சொல்லுங்க."

'பராமரிப்பாளரின் பதற்றம் கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று குறிப்பு எழுதினார்கள்.

மறுநாள் காலை கயிறு அறுந்தது. இரண்டாம் மாடியிலிருந்து லிஃப்ட் சறுக்கிக் கீழே போய் மோதியது. உள்ளே அக்காவும் தேநீர் வண்டியும். கதவை நெம்பித் திறந்தவன் நான். சுவரில் 'கவனம் சிதறினால் காலம் சிதறும்' பத்திரமாக இருந்தது. அக்காவின் வலது கால் முட்டிக்குக் கீழே முறிந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பலகையைப் பிடுங்கி உடைத்தேன். அதற்கு விளக்கம் கேட்டுத் தனிக் கடிதம் வந்தது.

மேலாளர் தலைமையில் விசாரணைக் குழு உடனே கூடியது. 'யாராலும் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாத விபத்து' என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நான் கண்டேனே என்றேன். அது 'அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பார்வைக் கோளாறு' என்று அடிக்குறிப்பில் சேர்த்து என்னையும் கௌரவித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா மாவுக்கட்டோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "தம்பி, கண்ணு இப்ப நல்லாருக்கு" என்றார்.

"நான்தான் சொன்னேனே அக்கா, ஏன் அதுல ஏறினீங்க?"

"படியில தூக்கிட்டுப் போனா அஞ்சாவது மாடிக்குள்ள டீ ஆறிடுது தம்பி. ஆறினா சார் கத்துறாரு."

"அந்த மனுஷன்கிட்டயும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நான் சொன்னதக் காதுலயே வாங்கல."

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"யார் சொன்னா வாங்கலன்னு? மொத தடவ கூட்டத்துல சொன்னீங்கல்ல, அன்னிக்குச் சாயங்காலத்துலேர்ந்து சார் படியிலதான் ஏறி எறங்குறாரு. மூச்சு வாங்க வாங்க. நீங்க கீழ் ரூம்ல இருக்கறதால பாத்திருக்க மாட்டீங்க."

ஆகவே, மேலாளர் என் எச்சரிக்கையை மதிக்கவில்லை என்று நான் இதுவரை பேசித் திரிந்ததெல்லாம் அபாண்டம், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் என் சொல்லை அப்படியே நம்பிய ஒரே மனிதர் அவர்தான்.