சந்தனம் பூசிய பேட்டரி

மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கும் பாதையில், கொழுந்து பறிக்கும் பெண்கள் கட்டுகிற சாக்குப் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். உள்ளே வேட்டி இருந்தது. (அதை வேட்டி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.) மூடுபனி தேயிலைச் செடிகளின் மேல் படுத்துக் கிடந்தது. முன்னால் போகிற பாதையும் தெரியவில்லை, பின்னால் விட்டு வந்த பங்களாவும் தெரியவில்லை. அன்று எனக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

தெரியாததைத் தெரியும் என்று சொல்வதில் எனக்கு இளமையில் நல்ல தேர்ச்சி. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்கப்புறம் கால் போன போக்கு. கொழும்பில் டிராம் வண்டிக்கு மின்சாரம் எடுக்கும் கொட்டகையில் கொஞ்ச காலம் கரி அள்ளினேன். (மின்சாரம் சுவருக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.) பிறகு நனைந்துகொண்டே மலையேறினேன். மடுல்சீமைத் தோட்டம் ஒன்றில் கங்காணி வீரப்பன், "என்னா வேல தெரியும்?" என்று கேட்டபோது, அவருக்குப் பின்னால் ஃபாக்டரிக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து இலை காயும் சூடும் மணமும் வந்தன. வாரக்கணக்கில் நனைந்த உடம்பு அந்தச் சூட்டில் படுத்துக்கொள்ள ஏங்கியது.

"கரண்டு வேலைங்க" என்றேன்.

அந்தத் தோட்டத்தில் பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியான சின்னதுரைக்கு அப்படி ஓர் ஆள்தான் தேவைப்பட்டது. அவரிடம் ஒரு கித்தார் இருந்தது. டெலிபோனில் பேசுகிற வாயை மட்டும் கழற்றி அதன் மரவயிற்றில் கட்டியிருந்தார். அதிலிருந்து கம்பி இழுத்து ஒரு மோட்டார் கார் பேட்டரியோடு சேர்த்து, கடைசியில் ஊமத்தம்பூப் போல விரிந்த பெரிய குழலில் கொண்டுபோய் முடித்திருந்தார். நரம்பைத் தட்டினால் மலையடிவாரம் வரைக்கும் குழல் பாடியது. ஆயுத பூசைக்கு மறுநாள், பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் முன்னால் வாசிக்கப்போகிறார்.

"அன்னிக்கு நல்லா பாடினா நீ ஃபாக்டரியில தூங்கலாம். பாடல, நீ ரோட்டுல" என்றார்.

ஆயுத பூசையன்று ஃபாக்டரியில் கழுவித் துடைத்துச் சந்தனம் வைக்காத இயந்திரமே இல்லை. என் பொறுப்பில் இருந்தது பேட்டரி. மூடியைத் திருகிப் பார்த்தேன். உள்ளே புளித்த வாடையோடு தண்ணீர். எந்தக் காலத்துத் தண்ணீரோ, சாமி கும்பிடுகிற நாளில் இப்படியா வைப்பது என்று கவிழ்த்துவிட்டேன். சிமெந்துத் தரை நுரைத்துப் பொங்கியது. எவ்வளவு அழுக்கு போகிறது பார் என்று மகிழ்ந்தேன். விரல் எரிந்தது, குளிர் என்று நினைத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன். பிறகு பீலிக் குழாய் வழியாகக் கொட்டுகிற ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றி, குலுக்கி, மறுபடியும் நிறைத்து, கம்பி மாட்டுகிற முனைகளுக்குத் தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமம் இட்டு, மேலே இரண்டு செவ்வந்தி வைத்தேன்.

"ஆளு சுத்தக்காரன்தான்" என்றார் கங்காணி.

மறுநாள் பிற்பகல் பங்களாப் புல்வெளியில் துரைமாரும் துரைசானிமாரும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பனி அவர்கள் கால்களை மறைத்திருந்ததால் எல்லோரும் மிதப்பது போல இருந்தது. சின்னதுரை நரம்பை மீட்டினார். குழலிலிருந்து ஒரு கொசு பாடியது.

"கரண்டு! என்னா இது?" என்றார். (என் பெயரே அதுதான் அவருக்கு.)

குழலுக்குள் ஊதினேன். கம்பிகளைப் பிரித்து மறுபடி முறுக்கினேன். வைத்தியனைப் போலக் கித்தாரின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். காற்று எதிரே அடிக்கிறது என்று சொல்லிக் குழலைத் திருப்பி வைத்தேன். கொசு இன்னும் இளைத்தது.

"டேய், தெரியுமா தெரியாதா?" என்று பல்லைக் கடித்தார் கங்காணி.

டிராம் கொட்டகையில் ஒருவர் செய்தது நினைவுக்கு வந்தது. கம்பி நுனிகளை நாக்கில் வைத்தால் சுருக்கென்று கடிக்க வேண்டும். பேட்டரிக்கு முன் மண்டியிட்டு நாக்கை நீட்டினேன். கடிக்கவில்லை. சந்தனம் ருசித்தது.

"கரண்டு இருக்கா?"

"வாசமா இருக்குங்க தொர."

அவரே வந்து மூடியைத் திறந்து மோந்தார். "ஆசிட்டு எங்க?"

"ஆசிட்டெல்லாம் இல்லீங்க. ஊசிப்போன தண்ணிதான் கெடந்துச்சு. அதக் கொட்டிட்டு நல்ல பீலித் தண்ணி ஊத்தியிருக்கேங்க." பெருமையாகவே சொன்னேன்.

சின்னதுரை கண்ணை மூடிக்கொண்டார். கங்காணி தலைப்பாகைத் துணியை வாயில் திணித்துக்கொண்டார். சலாம் போட எழுந்தேன். நான் எழுந்தேன்; வேட்டியின் முன்பாதி மண்டியிட்ட இடத்திலேயே தங்கிவிட்டது. முந்தின நாள் கை துடைத்த இடமெல்லாம் சல்லடையாகி, அந்த நேரம் பார்த்துக் கழன்று விழுந்தது. துரைசானிமார் எல்லோரும் ஒன்றாக மலைப்பக்கம் திரும்பினார்கள். அங்கே பனியைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை.

"போ" என்றார் சின்னதுரை.

கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, "அண்ணே, பூசை பேட்டரிக்கு மட்டுந்தானா? வேட்டிக்கு இல்லியா?" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "சும்மா இருடி" என்று அவளை அதட்டிவிட்டுத் தன் படங்கை அவிழ்த்துக் கொடுத்தாள். "இதச் சுத்திக்கிட்டுப் போங்கண்ணே. பசற வரைக்கும் ஆளுக நடமாட்டம் இருக்கு."

வளைவு ஒன்றில் நின்றேன். மேலேயிருந்து கித்தார் கேட்டது. குழலும் இல்லை, பேட்டரியும் இல்லை. இலை நுனியில் திரண்ட துளிகள் ஒவ்வொன்றாக விழுவது போல, பனிக்குள் மெல்ல இறங்கி வந்தது. என்னை விரட்டியவர் வாசிக்கிறார் என்பதுகூட மறந்துபோயிற்று. இன்று எங்கே படுப்பது என்ற யோசனை வந்ததும் நடந்தேன்.

எங்கள் வீட்டில் இன்றும் விளக்கு மங்கினாலோ கடிகாரம் நின்றாலோ என் மனைவி, "தண்ணிய மாத்திப் பாருங்களேன்" என்பாள். பிள்ளைகள் என் வேட்டியைப் பிடித்துக்கொள்வார்கள்.

அன்று மலையிறங்கிய மறுநாள் காலை பசறைக் கடைத்தெருவில் ஒரு சோடாக் கடை முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "போத்தல் கழுவணும். உள்ள கெடக்குறதக் கொட்டிட்டு நல்ல தண்ணியில அலசணும். தெரியுமா?"

"அது நல்லா வருங்க. படுக்க எடம் இருக்குங்களா?"

"தொட்டிப் பக்கத்துல படுத்துக்க. கொஞ்சம் ஈரமா இருக்கும்."

முழங்கை வரை தண்ணீரில் கையை விட்டேன்.