மெதுவாக ஓடச் சொன்ன மருமகனுக்கு

கோரமண்டல்,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள மருமகன் டைட்டஸ் அவர்களுக்கு, மாமனார் லாய்ட் ஆசீர்வதித்து எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே என் வலது முழங்காலைத் தவிர அனைவரும் சுகம். அங்கே நீங்களும் என் மகள் எலைனும் சுகமாயிருக்க நானும் உங்கள் அத்தை டெய்சியும் தினமும் ஜெபிக்கிறோம். இந்தக் காலத்தில் மாமா எதற்குக் கடுதாசி போடுகிறார் என்று யோசிப்பீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் உங்களுக்கு முன்னால் எலைன் படித்துவிட்டு, 'பாவம் டாடி' என்பாள். அது எனக்கு வேண்டாம். விஷயம் இதுதான்: அடுத்த மாதம் பெங்களூரில் நடக்கிற அரை மராத்தானிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

போன வருஷம் நடந்த கூத்து உங்களுக்கே தெரியும். நேரம் முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருப்பவர்களை அள்ளிக்கொண்டு வருகிற வேன் என்னையும் அள்ளியது. ஓட்டம் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் கையில் வாழைப்பழத்தோடு இறங்கினேன். எலைன் கை தட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் மாப்பிள்ளை, மகள் மனசு கோணாமல் கை தட்டினால் அப்பன் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? இந்தத் தடவை என் சொந்தக் காலால் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான், ஊருக்கெல்லாம் ஓடக் கற்றுக்கொடுக்கிறவர் ஆயிற்றே என்று உங்களிடம் பயிற்சி கேட்டேன்.

நீங்கள் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? வாரத்தில் ஒரே ஒரு நாள் மூச்சு வாங்க ஓடு, மற்ற நாளெல்லாம் பேசிக்கொண்டே ஓடுகிற அளவுக்கு மெதுவாக ஓடு, வேகத்தைக் கூட்டாதே, தூரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்று. மாமனார் மனசு நோகக் கூடாதென்று லேசாக வேலை கொடுத்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் அப்பா இந்த ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்த பிறகும் ஓவர்டைம் பார்த்தவர். அவர் பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு நாள் கஷ்டம் போதுமா என்று ரோஷம் வந்து, உங்களிடம் சொல்லாமல் எல்லா நாளும் நாய் துரத்தினாற்போல் ஓடினேன். இரண்டாவது வாரமே முழங்கால் பலாக்கொட்டை போலப் புடைத்துக்கொண்டது. டெய்சி தைலம் தேய்த்த தேய்ப்பில் தோல் உரிந்ததுதான் மிச்சம். சரி, மாப்பிள்ளை சொன்னபடியே கேட்போம் என்று அடங்கினேன். அப்புறம்தான் ஊர் அடங்கவில்லை.

எங்கள் ஊரில் விடியற்காலையில் ஒரு மனுஷன் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பெங்களூர் வண்டி வந்துவிட்டது. அதிலும் நான் ரிட்டையர் ஆகும்வரை அந்த வண்டியிலேயே வேலைக்குப் போய் வந்தவன். வண்டி நேரம் லாய்ட்டைக் கேட்டால் தெரியும் என்று பெயர் எடுத்தவன். செவ்வாய்க்கிழமை, மூச்சு வாங்க ஓட வேண்டிய நாள். ஸ்டேஷன் ரோட்டு இறக்கத்தில் நான் வேகம் எடுத்ததும் டீக்கடையில் நின்றிருந்த ராஜேந்திரன், "டேய், லாய்ட் அங்கிளே ஓடறாரு, வண்டி வந்துட்சிடா!" என்று கத்தினான். அவ்வளவுதான், தெருவே என் பின்னால் ஓடி வந்தது. டீச்சர் ஈவ்லின் கையில் டிபன் பாக்ஸோடு என்னை முந்திக்கொண்டு போனார் மாப்பிள்ளை, அதுவும் புடவையில். பிளாட்பாரத்தில் போய்ப் பார்த்தால் சிக்னல்கூடப் போடவில்லை. எல்லாரும் மூச்சிரைத்துக்கொண்டு என்னையே முறைத்தார்கள்.

மறுநாள் மெதுவாக ஓட வேண்டிய நாள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாததால் சத்தமாக ஜெபம் சொல்லிக்கொண்டே ஓடினேன். ஒரு அம்மா வாசலிலிருந்து ஓடி வந்து, எனக்குக் கடைசி நேரம் என்று நினைத்து, என் நெற்றியில் கை வைத்து ஜெபித்துவிட்டுத்தான் விட்டார். அதையாவது ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டீக்கடையில் என்னைப் பார்த்தவர்கள், லாய்ட்டே இவ்வளவு நிதானமாகப் போகிறார், வண்டி லேட்டு என்று இன்னொரு டீ சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி சரியான நேரத்துக்கு வந்து, சரியான நேரத்துக்குப் போயேவிட்டது.

சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "இன்னா அங்கிள், உங்கள நம்பித்தானே குந்திக்கினு டீ குடிச்சோம்?" என்றான் ராஜேந்திரன். "நான் சும்னே, சும்மா ஓடறேன்பா" என்றேன். "சும்னே எவனாவது ஓடுவானா? பைத்தியமா புடிச்சிகீது?" என்று கேட்டது அவர்கள் இல்லை, காபி கொண்டுவந்த உங்கள் அத்தை. கடைசியில் தீர்ப்பு சொன்னார்கள்: ஸ்டேஷன் ரோட்டில் இனி நான் வேகமாகவும் ஓடக் கூடாது, மெதுவாகவும் ஓடக் கூடாது. வேறு பக்கம் போனால் நாய்கள். வேகமும் போச்சு, தூரமும் போச்சு. இந்த லட்சணத்தில் மறுபடி வேனில் வந்து இறங்க என்னால் ஆகாது மாப்பிள்ளை. பெயரை எடுத்துவிடுங்கள். எலைனிடம் நாசூக்காகச் சொல்லுங்கள்.

உங்கள் இருவர் கையின் பிரயாசத்தையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. டெய்சி மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள், அடுத்த முறை வரும்போது ஜாடி கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓட்டத்தை விட்ட மாமனார்,
லாய்ட்.

பின்குறிப்பு: இதை மட்டும் பூதிகோட்டையில் ஒரு கிரகப்பிரவேச வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நல்ல வேளை, கவரை ஒட்டவில்லை. கடிதத்தைத் தபால் பெட்டியில் போடலாம் என்று கிளம்பிச் சும்மா மெதுவாக ஓடினேனா, ஆண்டர்சன்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ஏகநாதன் மொபெட்டின் பின்னால் இந்தக் கிரகப்பிரவேசத்துக்கான லட்டு டின்களைக் கட்டிக்கொண்டு, அவை சரிந்துவிடுமோ என்று மெதுவாக ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். சம்பந்தியம்மாவோடு போட்ட சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் விட்டு வர மனசு வருமா? நானும் நடுநடுவே, "அப்புறம் அந்தம்மா இன்னா சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். சண்டை சமாதானம் ஆன இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் பூதிகோட்டை! உங்கள் அரை மராத்தான் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு என்கிறார்கள். முழங்கால் வாயே திறக்கவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏகநாதன் பயந்துபோய் லட்டு கொடுத்தார். ஆகையால் மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம், என் பெயர் அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு உதவி. தபால் பெட்டிவரை போய் வருகிறேன் என்று டெய்சியிடம் சொல்லிவிட்டு வந்தேன், போன் வீட்டில் இருக்கிறது, அவள் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, இங்கே யாருக்கும் தெரியாது. இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அவளுக்குப் போன் பண்ணி, நான் பத்திரமாக இருக்கிறேன், டிபனுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.